ஆனிக் கடைசியில் எழுதிய கிரயம்

போன மாதம் என்னைப் பார்க்க வந்த ஓர் இளம் பத்திர எழுத்தர், தம் கடையில் அச்சடித்து வைத்திருக்கும் கிரயப் பத்திரப் படிவத்தைப் பெருமையோடு எடுத்துக் காட்டினார். பெயர், ஊர், நான்கெல்லை, விலை இவற்றுக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. மற்றதெல்லாம் அச்சு. நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நேராகக் கடைசி வரிக்குப் போனேன். 'மேற்கண்ட வாசகங்கள் எங்களுக்குப் படித்துக் காட்டப்பட்டு, பொருள் விளங்கிக்கொண்டு, மனச்சம்மதத்துடன் கையொப்பமிட்டோம்' என்று அதுவும் அச்சிலேயே இருந்தது. வாங்குகிறவர் யார், விற்கிறவர் யார் என்பதே இன்னும் முடிவாகவில்லை. யாரும் எதையும் படிக்கவில்லை. ஆனாலும் அவர்களுக்குப் பொருள் விளங்கிவிட்டது.

அவர் வந்த காரியம் வேறு. எழுத்தர்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்களாம். வாடகைக்கு விடுவதற்காக வீடு வாங்குகிறவர்கள் கடைகளில் வந்து கேட்கும் சந்தேகங்களுக்கு அனுபவஸ்தர் ஒருவர் பதில் எழுதினால் நன்றாயிருக்கும் என்று என்னைத் தேடி வந்திருந்தார். "பத்துப் பாயிண்டாக் குடுங்கய்யா, போதும். ஒரு பக்கத்துல போட்ருவோம்" என்றார். என்னிடம் பத்துப் பாயிண்ட் இல்லை. திருக்கோகர்ணத்தில் ஒரு வீடு இருக்கிறது. எனக்குச் சொந்தமானதல்ல, நான் பத்திரம் எழுதியது. நாற்பது வருடமாகியும் அதை நினைத்தால் கோபம் அடங்கவில்லை. சந்தேகம் கேட்கிறவர்கள் அந்தக் கோபத்தையே பதிலாக வைத்துக்கொள்ளட்டும்.

நான் முதலில் பத்திரிகைக்காரன். திருச்சியில் ஒரு வாரப் பத்திரிகையில் இரண்டு வருடம் மெய்ப்புத் திருத்தினேன், ஊர்ச் செய்தியும் எழுதினேன். பார்த்ததை எழுது, கேட்டதானால் யார் சொன்னார் என்று சேர்த்து எழுது, நினைத்ததை எழுதாதே என்பது அங்கே ஆசிரியர் கொடுத்த பாடம். பத்திரிகை நின்றுபோனது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டைக்குத் திரும்பி, பத்திரம் எழுதும் நமசிவாயம் பிள்ளையிடம் சேர்ந்தேன். கடை என்பது பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகை, இரண்டு சாய்மேசை, நீளமான ஒரு பெஞ்சு. அப்போது புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம். எங்கள் முத்திரைத்தாள் வேறு, எங்கள் கோர்ட் வேறு. ஒருவன் எல்லையைத் தாண்டித் திருச்சி ஜில்லாவுக்குள் போய்விட்டால் அவனுக்கு எங்கள் கோர்ட் சம்மன் போய்ச் சேர்வதே பெரும்பாடு.

வெளிநாட்டுக்குப் போய்ச் சேர்த்தவர்கள் அதுவரை நிலம்தான் வாங்குவார்கள். மழை அடிக்கடி பொய்த்ததால் நிலத்தைவிட வீடு மேல் என்று சிலருக்குத் தோன்றத் தொடங்கிய காலம் அது. டவுனில் சர்க்கார் கச்சேரி உத்தியோகஸ்தர்களும் பள்ளிக்கூட வாத்தியார்களும் குடியிருக்க இடம் தேடினார்கள். வீடு வாங்க வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்பார்கள். எந்தத் தெரு நல்ல தெரு, மச்சு வீடு வாங்கலாமா ஓட்டு வீடு வாங்கலாமா, குடிவைக்க உத்தியோகஸ்தர் நல்லவரா வியாபாரி நல்லவரா, மழைக்கு முன்னால் ஓடு மாற்றுவது யார் பொறுப்பு. காலி செய்யச் சொன்னால் செய்வார்களா என்றும் கேட்பார்கள். ஆடியில் செய்யமாட்டார்கள், மார்கழியில் செய்யமாட்டார்கள், வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தால் அந்த வருடமே செய்யமாட்டார்கள் என்பது எங்கள் கடையின் வழக்கமான பதில்.

நான் மறுபடி கப்பலேறிவிட்டால் வீட்டை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு மட்டும் எங்கள் பதிலை எதிர்பார்க்கமாட்டார்கள். மச்சான் இருக்கிறான் என்று தாங்களே சொல்லிக்கொள்வார்கள். பொன்னமராவதிப் பக்கத்துக்காரர் ஒருவர் ரங்கூனில் இருந்தபடியே மச்சான் பேருக்கு அதிகாரப் பத்திரம் அனுப்பி, டவுனில் ஒரு வீடு வாங்கினார். ஆள் அமையவில்லை, வீடு காலியாகவே கிடக்கிறது என்று மச்சான் மூன்று வருடம் கடுதாசி போட்டார். காலியாகக் கிடந்த அந்த வீட்டில் மச்சானுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தன. ஊர் திரும்பியவர் எங்கள் கடைக்கு வந்து, பத்திரத்தில் குற்றம் ஏதும் இருக்கிறதா பாருங்கள் என்றார். பார்த்தேன். பத்திரத்தில் ஒரு குற்றமும் இல்லை.

நமசிவாயம் பிள்ளை எழுதும்போது பேசமாட்டார், பேசும்போது எழுதமாட்டார். வாங்குகிறவரையும் விற்கிறவரையும் ஒரே பெஞ்சில் உட்கார விடமாட்டார். வாங்குகிறவர் விலையைச் சொல்லத் தொடங்கினால் உள்ளங்கையைக் காட்டி நிறுத்துவார். அவருடைய முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"வீட்டுக்குள்ள யாரு இருக்கா?"

பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று தருவார்கள். பழைய பதிவுகளைப் புரட்டி, இந்த வீட்டின் மேல் அடமானம் இல்லை, வேறு கிரயம் இல்லை என்று எழுதிக் கொடுப்பது. பிள்ளை அதை ஒருமுறை பார்த்துவிட்டு ஓரமாக வைப்பார். "இது தாளு சொன்ன சேதி. வீடு என்ன சொல்லுதுன்னு பாத்துட்டு வாப்பா" என்று என்னை அனுப்புவார். காலைச் சமையல் நேரத்தில்தான் போக வேண்டும். உள்ளே போய் எத்தனை அடுப்பு இருக்கிறது, எத்தனை எரிகிறது என்று எண்ண வேண்டும். பாகம் பிரியாத குடும்பத்தில் தனியாக ஓர் அடுப்பு இருந்தால், தனியாக உரிமை கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்று பொருள். அது முடிந்ததும் நான்கு பக்கச் சுவரையும் சுற்றிவந்து, எது யார் சுவர் என்று அண்டைவீட்டாரிடம் கேட்டு எழுத வேண்டும்.

கைநாட்டு வைப்பவர்களுக்கு இன்னொரு முறை இருந்தது. பத்திரத்தை முழுதும் படிக்க வேண்டும். என்ன எழுதியிருக்கிறது என்று அவரிடம் கேட்க வேண்டும். அவர் தம் வாயால் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகே மைப்பெட்டியைத் திறக்கலாம். கடையின் நாட்குறிப்பில் கைநாட்டுக்காரரின் பெயருக்கு எதிரே மூன்று சின்னக் கோடுகள் போடுவோம். படித்ததற்கு ஒன்று, கேட்டதற்கு ஒன்று, அவர் சொன்னதற்கு ஒன்று. அந்த நோட்டு என் பொறுப்பு. இந்தச் சடங்குக்கு நேரமாகும். படித்தபோது கல்லைப்போல உட்கார்ந்திருந்தவர்கள், "எங்க பங்கை வித்துட்டோம்னு எழுதியிருக்கு" என்று தாங்களே சொல்ல நேரும்போது உடைந்து அழுததைப் பார்த்திருக்கிறேன். இருவர் சொல்லிப் பார்த்துவிட்டு, விற்கவில்லை என்று எழுந்து போனார்கள். பிள்ளை தாளைக் கிழித்துப் போட்டார். அந்த நாட்களில் அவரிடம் வேலை பார்ப்பதில் எனக்குக் கர்வம் உண்டு.

யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருடம் ஆனி மாதத்தில் கருப்பையா என்பவர் வந்தார். பொன்னமராவதிக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர், நாற்பதைத் தாண்டியவர். ஈப்போவில் ஒரு ஜவுளிக் கடையில் பதினான்கு வருடம் துணி கிழித்துக் கொடுத்தவர். நின்று நின்று கால் நரம்பு சுருண்டுபோயிருந்தது. ஊரில் மனைவியும் இரண்டு பெண்களும். "இனிமே கப்பலேற ஒடம்பு கேக்காதுங்கய்யா. வர்ற வாடகையிலதான் நாலு பேரும் சாப்பிடணும்" என்றார். திருக்கோகர்ணத்தில் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தார். முன்கட்டில் இரண்டு பகுதி, இரண்டிலும் குடித்தனம். ஒன்றில் ஒரு வாத்தியார் குடும்பம், மற்றதில் கச்சேரிச் சேவகர் ஒருவர். நடுவில் முற்றமும் கிணறும். பின்கட்டு காலி, அதையும் விட்டுக்கொள்ளலாம் என்று விற்கிறவர்கள் சொன்னார்களாம். விற்கிறவர்கள் ராமசாமி, வேலுச்சாமி என்று அண்ணன் தம்பி இருவர். திருச்சியில் கடை வைத்து அங்கேயே குடியிருந்தார்கள்.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு அடுப்பு எண்ணப் போனேன். முன்கட்டில் இரண்டு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பின்கட்டில் ஒரு சமையல் அடுப்பும், அதன் பக்கத்தில் நெல் அவிக்கும் பெரிய அடுப்பும் குளிர்ந்து கிடந்தன. முற்றத்தின் மூலையில் உமிக் குவியல். பின்கட்டில் யார் என்று வாத்தியார் மனைவியிடம் கேட்டேன். "பெரியம்மா இருக்காங்க. நெல்லு அவிச்சு அரிசி குத்தி விப்பாங்க. கொழுந்தன்மாரு பழனிக்கு அனுப்பி வச்சிருக்காங்க, ஏதோ வேண்டுதலாம்" என்றார். கருப்பையா வீடு பார்க்க வந்த அதே நாள்களில் அந்த வேண்டுதல் வந்திருந்தது.

பெரியம்மா என்று அவர் சொன்னது அழகம்மாளை. அண்ணன் தம்பிகளுக்கு மூத்தவர் ஒருவர் இருந்து இறந்துபோனார், அவருடைய மனைவி. குழந்தை இல்லை. அந்த வீட்டுக்குக் கல்யாணமாகி வந்து இருபத்தாறு வருடம். முன்கட்டு வாடகையை வாங்கித் திருச்சிக்கு அனுப்புவது, ஓடு மாற்ற ஆள் பிடிப்பது, கிணற்றுக்குக் கயிறு வாங்கிப் போடுவது எல்லாம் அவர்தான். அதற்குக் கூலி கிடையாது. குடும்ப வீட்டில் சாகும்வரை குடியிருக்கும் உரிமை அவருக்கு உண்டு, அது இருப்பது தெரிந்து வீட்டை வாங்குகிறவரையும் அது கட்டுப்படுத்தும். அவராக விட்டுக்கொடுத்தால் மட்டுமே போகும்.

நான் சொன்னதைக் கேட்டுக்கொண்ட பிள்ளை அண்ணன் தம்பிகளை வரவழைத்தார். பின்கட்டு காலி என்றீர்களே என்று கேட்டார். ராமசாமி கொஞ்சமும் திகைக்கவில்லை. "மதினிக்குச் சம்மதந்தாங்க. பொன்னமராவதியில தம்பி வீட்டுக்குப் போறதா இருக்காங்க" என்றார்.

"சந்தோசம். அப்ப அந்தம்மாளும் மூணாவது ஆளா எழுதிக் குடுக்கட்டும்" என்றார் பிள்ளை.

கருப்பையாவுக்கும் இதை விளக்கிச் சொன்னோம். அந்த அம்மாள் மனசோடு போகிறார் என்றால் தமக்குத் தடையில்லை என்றார். இதுவரை எங்கள் முறை எங்கும் தவறவில்லை.

தவறியது ஆடியால். ஆடியில் யாரும் வீடு வாங்கமாட்டார்கள், பத்திரம் பதியமாட்டார்கள், வீடு மாறமாட்டார்கள். எனவே ஆனியின் கடைசி இரண்டு நாள்களில் சமஸ்தானம் முழுவதும் பதிவு அலுவலகத்தின் வாசலில் நிற்கும். எல்லைக்கு அப்பால் மீமிசலிலிருந்துகூட இரவே கிளம்பி வந்து காத்திருப்பார்கள். கருப்பையாவின் பத்திரம் ஆனிக் கடைசி நாளுக்கு விழுந்தது. பிள்ளை காலையிலேயே அலுவலகத்தில் போய் எங்கள் முறைக்குக் காத்து நின்றார். கடையில் நான் ஒருவன். அன்று என் கையால் பதினேழு பத்திரம். பெஞ்சில் இடமில்லாமல் வேப்பமரத்தடிவரை ஆட்கள். மாலைக்குள் முடியாவிட்டால் ஒரு மாதம் தள்ளிப்போகும் என்று ஒவ்வொருவரும் என் தோளுக்கு மேல் நின்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அழகம்மாளை அண்ணன் தம்பிகள் வண்டி வைத்து அழைத்து வந்தார்கள். நாற்பத்தைந்து வயதிருக்கும். நெல் அவிக்கும் கை, விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. நான் பத்திரத்தைப் படித்தேன். 'மேற்படி வீட்டில் எங்களில் மூன்றாவது நபருக்குள்ள ஜீவனாம்ச உரிமையும் வாச உரிமையும் இதன்மூலம் விடுதலை செய்து' என்ற வரியை மற்ற வரிகளின் வேகத்திலேயே படித்தேன். மூச்சு வாங்கக்கூட நிறுத்தவில்லை. முடித்ததும் அவர் கேட்டார்.

"இதுக்கா தம்பி இம்புட்டு எழுத்து? கல்யாணப் பத்திரிகைகூட இம்புட்டு நீளமில்லையே."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணன் தம்பிகள் உரக்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எதற்கு என்று நினைத்து வந்திருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. திருச்சியில் இரண்டு வருடம் நான் கற்றதே அந்தக் கேள்வியைக் கேட்பதற்குத்தான். நாட்குறிப்பில் அவர் பெயருக்கு எதிரே ஒரு கோடு போட்டேன். படித்தது உண்மை. மற்ற இரண்டு கோடுகளுக்கு இடம் விட்டுவிட்டு மைப்பெட்டியைத் திறந்தேன். அன்று கைநாட்டு வைத்த பதினோரு பேரில் ஒன்பது பேருக்கு ஒற்றைக் கோடுதான் இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அலுவலகத்தில் சப் ரிஜிஸ்திரார் பெயரைக் கேட்டார். கைநாட்டு உங்களுடையதா என்று கேட்டார். என்னுடையதுதான் என்றார் அழகம்மாள். கேட்டது அவ்வளவு, சொன்னதும் உண்மை. பதிவாகிவிட்டது.

இறந்துபோன அண்ணனின் பெயர் இன்னும் வீட்டுவரிப் புத்தகத்தில் இருக்கிறது, அதை எடுக்க மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று கொழுந்தன்மார் அவரிடம் சொல்லியிருந்தார்கள். இது எனக்குத் தெரிய ஆவணி பிறக்க வேண்டியிருந்தது. ஆடி முழுவதும் வீட்டில் ஒரு மாற்றமும் இல்லை, இருக்கவும் கூடாது என்பது ஊர் வழக்கம். அந்த ஒரு மாதம் அண்ணன் தம்பிகளுக்குப் போதுமானதாக இருந்தது.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் கருப்பையா பால் காய்ச்ச வந்தார். புதுப் பானை, மனைவி, இரண்டு பெண்கள், மஞ்சள் பூசிய அடுப்புக் கற்கள். பின்கட்டில் அழகம்மாள் நெல் அவித்துக்கொண்டிருந்தார். ஆவியில் முகம் தெரியவில்லை என்று கருப்பையா பிற்பாடு என்னிடம் சொன்னார். யார் வேண்டும் என்று அழகம்மாள் கேட்டிருக்கிறார். வீட்டுக்காரர்கள் என்று இவர் சொல்லியிருக்கிறார். வாடகைக்கு வீடு தேடி வந்த குடும்பம், பேசத் தெரியாமல் பேசுகிறது என்று அந்த அம்மாள் நினைத்துக்கொண்டார்.

"முன்கட்டு ரெண்டுலயும் ஆளு இருக்குங்க தம்பி. ஊரைச் சொல்லிட்டுப் போங்க, காலியானா ஆளனுப்புறேன்."

தம் வீட்டில் இடமில்லை என்ற தகவலை வீட்டுக்காரர் அப்படித்தான் தெரிந்துகொண்டார். பால் பானையைக் கையில் வைத்தபடி அவர் வந்து நின்றது எங்கள் கடைக்கு. திருச்சிக்கு ஆளனுப்பினோம். அண்ணன் தம்பிகளின் கடையில் வேறு பெயர்ப்பலகை தொங்கியது. கொழும்புக்குப் போய்விட்டதாக அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அதற்கு மேல் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை எழுத எனக்குத் தகவல் இல்லை. எந்தக் கோர்ட்டும் அவர்களைக் கூப்பிடவில்லை. அந்தச் சகோதரர்களுக்கு வயிற்றுவலிகூட வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

வழக்குப் போட்டது கருப்பையா. போடப்பட்டது அழகம்மாள் மேல். ஏமாற்றியவர்கள் கடல் தாண்டிவிட்டதால், ஏமாந்த இருவரில் ஒருவர் வாதி, மற்றவர் பிரதிவாதி. இருபத்தாறு வருடம் அந்த முற்றத்தைப் பெருக்கியவரைப் பற்றி, 'சட்டவிரோதமாக வீட்டை ஆக்கிரமித்து வாதியின் சுவாதீனத்துக்கு இடையூறு செய்துவருகிறார்' என்று பிராது மனுவில் எழுதியிருந்தது. அதை எழுதிய குமாஸ்தாவுக்கு என்னைப் போலவே நல்ல கையெழுத்து. வழக்கு நடந்த ஒன்றே முக்கால் வருடத்தில் வாத்தியார், இந்த வம்பு நமக்கெதற்கு என்று காலி செய்து போனார். புதிதாக ஒருவரும் குடிவரவில்லை. வழக்கு நடக்கிற வீட்டில் யார் குடிவருவார்கள்? கருப்பையாவின் மூத்த பெண்ணுக்குப் பேசியிருந்த இடம் தள்ளிப்போனது. அழகம்மாள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் நெல்லை ஊறப் போட்டுவிட்டு வந்து கோர்ட் வராந்தாவில் நின்றார்.

பத்திரம் எழுதியவன் என்பதால் கருப்பையாவின் வக்கீல் என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார். சம்மன் வந்த அன்று மாலை, கடை கட்டும் நேரத்தில், நமசிவாயம் பிள்ளை நாட்குறிப்பைக் கேட்டு வாங்கினார். ஆனிக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். அழகம்மாள் பெயரில் விரலை வைத்தார். பிறகு அந்தப் பக்கத்தை என் பக்கமாகத் திருப்பிவைத்து, பேனாவை அதன்மேல் வைத்தார்.

"ரெண்டு கோடுதானப்பா" என்றார்.

"நான் கேக்கலையேய்யா" என்றேன்.

"நம்ம கடையில கேக்காம விட்டதுண்டா?"

"இல்லைங்கய்யா."

"அப்ப நீயும் கேட்டிருப்பே."

அவர் இதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை. தம் கடையில் அது நடந்திருக்க முடியாது என்று அவர் மனசார நம்பினார். யாரையும் ஏமாற்றவிடாமல் தடுப்பதற்காக அவர் முப்பது வருடம் காத்துவந்த முறை, ஏமாற்று நடக்கவே இல்லை என்பதற்குச் சாட்சியாக மாறிவிட்டது. ஒரு முறைமை எவ்வளவு நல்லதாக இருக்கிறதோ அவ்வளவு சுலபமாக அதன் பெயரால் பொய் சொல்லலாம் என்பதை அந்த மேசையில்தான் கண்டேன். அந்த முறைமையை உடைத்தவன் நான் என்பதும் தெரியும். பேனாவை மூடி அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் விளக்கை அணைத்துவிட்டுப் போனார்.

கூண்டில் வக்கீல்கள் கேட்டதெல்லாம் என் கையெழுத்தையும் தேதியையும் பற்றி. முன்சீப் வயதானவர், ஒரு காது மந்தம். அவர்தான் பத்திரத்தின் கடைசி வரியைப் படித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"படிச்சுக் காட்டினீரா?"

"காட்டினேன்."

"என்ன வெளங்குச்சுன்னு அந்தம்மாகிட்டக் கேட்டீரா?"

"கேட்கவில்லை."

"வெளங்கிக்கொண்டுன்னு எழுதியிருக்கீரே. ஏன் கேக்கலை?"

"மறுநாள் ஆடி" என்றேன்.

கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை, வேறு காரணம் என்னிடம் இல்லை. முன்சீப் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். நாட்குறிப்பை வரவழைத்து, அந்தப் பக்கத்தில் இருந்த ஒற்றைக் கோட்டையும் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

பிள்ளை என்னை வேலையைவிட்டுப் போகச் சொல்லவில்லை. என் முன்னால் தாள் வைப்பதை நிறுத்திவிட்டார். காலையில் வருவேன், சாய்மேசைக்கு முன்னால் உட்காருவேன், வருகிறவர்களையெல்லாம் அவரே கவனிப்பார், மாலையில் போவேன். பன்னிரண்டு நாள் அப்படி உட்கார்ந்திருந்தேன். பதின்மூன்றாம் நாள் பொன்னமராவதிக்கு பஸ் ஏறினேன். அங்கே ஒரு கடையின் ஓரத்தில் சொந்தமாகப் பத்திரம் எழுதத் தொடங்கி, ஓய்வுபெறும்வரை அங்கேயே எழுதினேன். கைநாட்டு வைப்பவர் தம் வாயால் சொல்லாமல் நான் அதற்குப் பிறகு மைப்பெட்டியைத் திறந்ததில்லை. ஆனிக் கடைசி நாளில் கடையையே திறந்ததில்லை. இதனால் என்னைக் கிறுக்கன் என்றார்கள், வேலையும் பாதிதான் வந்தது.

தீர்ப்பு நாளன்று பஸ் பிடித்து வந்தேன். அண்ணன் தம்பிகள் விற்றது செல்லும், வீடு கருப்பையாவுக்குச் சொந்தம். அழகம்மாள் விட்டுக்கொடுத்ததாக எழுதிய வரி அவரைக் கட்டுப்படுத்தாது. பின்கட்டிலும் முற்றத்திலும் கிணற்றிலும் ஆயுள் உள்ளவரை அவருக்குப் பாத்தியம் உண்டு. அவர் சம்மதத்தை நேரில் விசாரித்துக்கொள்ளாமல் வாங்கியது வாதியின் கவனக்குறைவு என்றும் ஒரு வரி இருந்தது. அந்த வரியை முன்சீப் படித்தபோது கருப்பையா தலையைக் குனிந்துகொண்டார். பதினான்கு வருடம் நின்று சம்பாதித்தவரின் கவனக்குறைவாம். விசாரித்துச் சொல்வதற்கென்றே அவர் எங்கள் கடைக்கு வந்தார். என் கவனக்குறைவுக்குத் தீர்ப்பில் இடம் இல்லை.

எல்லோரும் வராந்தாவுக்கு வந்தோம். உண்மையைச் சொல்லி வேலையை இழந்தவன் என்ற நினைப்போடு நான் தூணோரம் நின்றேன். யாராவது ஒருவர் வந்து பேசுவார்கள் என்று எதிர்பார்த்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. கருப்பையா அழகம்மாளிடம் போனார். கால் வலியால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒங்களுக்குச் சம்மதமில்லைன்னு தெரிஞ்சிருந்தா நான் வாங்கியிருக்க மாட்டேங்கக்கா."

"எனக்குத் தெரிஞ்சிருந்தா நானும் கைய நீட்டியிருக்க மாட்டேன்" என்றார் அழகம்மாள். பிறகு என்னைப் பார்த்தார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. "நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல ஒக்காந்து எழுதுனது இந்தத் தம்பிதான். கேக்கலைன்னு கோர்ட்டுல சொன்னதுக்கு, அன்னைக்கே ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நெல்லப் போட்டுட்டு நான் இம்புட்டு நாளு இங்கிட்டு வந்து நின்னிருக்க வேணாம்."

வேலை போனதைப் பற்றிச் சொல்ல வாய்வரை வந்தது. அதை அவர்களிடம் சொல்வதற்கு எனக்கு என்ன இருக்கிறது?

வெளியே உச்சி வெயில். வாசலில் ஒரே ஒரு குதிரை வண்டி நின்றது. வண்டிக்காரர் கோகர்ணம், கோகர்ணம் என்று கூப்பிட்டார். அழகம்மாள் ஏறிக்கொண்டார். வாத்தியார் காலி செய்த பகுதியைப் பார்க்க வேண்டியிருந்ததால், கருப்பையா தயங்கிவிட்டு, காலை இழுத்து வைத்து அவரும் ஏறினார். இருவரும் ஒரு பக்கமாக உட்கார வண்டி பின்னால் சாய்ந்தது. ஆளுக்கொரு பக்கம் மாறி உட்காரச் சொல்லி வண்டிக்காரர் சத்தம் போட்டார். மாறி உட்கார்ந்தார்கள். முழங்கால் இடிக்கும் நெருக்கம். யாரை எங்கே இறக்குவது என்று அவர் கேட்டார்.

கருப்பையா வலித்த காலை நீவிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே வீடுதான்" என்றார் அழகம்மாள்.